இன்டேக் மேனிஃபோல்டை மாற்றினால் இழுவை எங்கே போகும், எங்கே வரும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்போர்ட்ஸ் காரின் இன்டேக் மேனிஃபோல்டை (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) மாற்றினால் பவர் கூடுமா? கூடும், குறையவும் செய்யும். இரண்டும் ஒரே என்ஜினில் சேர்ந்தே நடக்கும். 3,000 ஆர்பிஎம்மில் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) இருந்த இழுவை கொஞ்சம் காணாமல் போய், 6,500-க்கு மேல் முன்பு இல்லாத ஒரு தள்ளல் வந்து சேரும். வேறு மேனிஃபோல்டு போட்டால் நேர்மாறாக நடக்கும். எந்த வேகத்தில் சிலிண்டருக்குள் காற்று நன்றாக நிரம்ப வேண்டும் என்பதைத்தான் மேனிஃபோல்டு தீர்மானிக்கிறது. அதனால் "எவ்வளவு கூடும்" என்று கேட்பதற்கு முன், "எங்கே கூட வேண்டும்" என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் பளபளப்பைப் பார்த்து வாங்கியவர்கள்தான் பிறகு பழையதைத் தேடி அலைகிறார்கள்.

இங்கே சொல்வது பெரும்பாலும் டர்போ இல்லாத, போர்ட்டில் எரிபொருள் தெளிக்கும் என்ஜின்களுக்கு. டர்போவைப் பற்றி கடைசிப் பக்கம் தனியாக இருக்கிறது.

குழாய்க்குள் நடப்பது

த்ராட்டில் பாடியை (பெடலுக்கு ஏற்பத் திறக்கும் காற்று வாசல்) தாண்டிய காற்று முதலில் ப்ளீனம் என்ற பெட்டிக்குள் வருகிறது. அங்கிருந்து சிலிண்டருக்கு ஒன்றாக ரன்னர் குழாய்கள் பிரிகின்றன. ரன்னர் முடியும் இடத்தில் சிலிண்டர் ஹெட்டின் போர்ட். அதன் கோடியில் இன்டேக் வால்வு.

பிஸ்டன் இறங்கும்போது ரன்னருக்குள் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு ஓர் அலையாக ப்ளீனத்தை நோக்கி ஓடுகிறது. குழாயின் திறந்த வாயைத் தொட்டதும் திரும்பி வருகிறது. ஆனால் திரும்பும்போது குறைவு, மிகுதியாக மாறிவிடுகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன் அந்த மிகுதி வந்து சேர்ந்தால் கூடுதல் காற்று உள்ளே தள்ளப்படும். வால்வு மூடிய பிறகும் அலை ஓய்வதில்லை, குழாய்க்குள் போய்ப் போய் வரும். அடுத்த முறை வால்வு திறக்கும் நேரத்தில் வாசலில் நிற்பது மிகுதியா, குறைவா என்பதைப் பொறுத்து லாபமும் நஷ்டமும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வால்வின் தலையிலிருந்து ப்ளீனம் வாய் வரை 35 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்த குழாயில் ஒரு முழு அலைவுக்கு, நீளத்தைப் போல நான்கு மடங்கு தூரம் ஓட வேண்டும்: 1.4 மீட்டர், அதாவது 4 மில்லி விநாடி. என்ஜினின் ஒரு முழுச் சுழற்சி இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி; அதில் இன்டேக் வால்வு 250 டிகிரி திறந்திருந்தால் மிச்சம் 470 டிகிரி மூடியிருக்கும். அந்த 470 டிகிரிக்குள் சரியாக மூன்று அலைவு (12 மில்லி விநாடி) முடிய வேண்டும் என்றால் என்ஜின் சுமார் 6,500 ஆர்பிஎம்மில் சுற்ற வேண்டும். நான்கு அலைவு முடிகிற இடம் சுமார் 4,900. இப்போது குழாயை 45 செ.மீ. ஆக்குங்கள். மூன்று அலைவின் இடம் 6,500-லிருந்து சுமார் 5,100-க்கு இறங்கிவிடுகிறது. பத்து சென்டிமீட்டருக்கு 1,400 ஆர்பிஎம் வித்தியாசம்.

இதிலிருந்து கையில் வைத்துக்கொள்ள ஒரு சின்னச் சூத்திரம் கிடைக்கிறது: பழைய நீளத்தைப் புதிய நீளத்தால் வகுத்து, பழைய உச்ச ஆர்பிஎம்மால் பெருக்குங்கள். வரும் எண்தான் புதிய மேனிஃபோல்டு தூக்கிவிடப் பார்க்கும் இடம். ஆனால் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) அந்த ஆர்பிஎம்மில் மூச்சு விடவில்லையென்றால் மேனிஃபோல்டு மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. நீளத்தை அளக்க, உறையுள்ள மெல்லிய மின்கம்பியை ரன்னரின் நடுக்கோட்டிலேயே வளைத்து விட்டு எடுத்து அளக்கலாம். ஹெட்டுக்குள் இருக்கும் போர்ட்டின் நீளத்தையும் சேர்க்க மறக்காதீர்கள். பலர் மேனிஃபோல்டை மட்டும் அளந்துவிட்டுக் கணக்குச் சரியில்லை என்கிறார்கள்.

நீளம் போக, அகலமும் உண்டு. 86 மி.மீ. விட்டமும் 86 மி.மீ. வீச்சும் உள்ள சிலிண்டரில் 7,000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 20 மீட்டர். ரன்னரின் விட்டம் 40 மி.மீ. என்றால் அதற்குள் காற்றின் சராசரி வேகம் சுமார் 93 மீட்டர், 45 மி.மீ. என்றால் 73 மீட்டர். குறுகலான குழாயில் காற்று வேகமாகப் பாய்வதால் குறைந்த ஆர்பிஎம்மிலும் அதற்கு ஓர் உந்தம் இருக்கும்; பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் உள்ளே வந்துகொண்டிருக்கும். அதே குழாய் உயர் ஆர்பிஎம்மில் கழுத்தைப் பிடிக்கும். அகலக் குழாய்க்கு இது தலைகீழ்.

ப்ளீனத்தின் கொள்ளளவு என்ஜின் கொள்ளளவை ஒட்டி இருப்பது வழக்கம். பெரிதாக்கினால் உயர் ஆர்பிஎம்மில் கொஞ்சம் கிடைக்கும். பெடலை மிதித்ததும் வரும் துடிப்பு மங்கும், ஐடில் (பெடலை மிதிக்காதபோது உள்ள ஓட்டம்) அடங்க மாட்டேன் என்னும். பெரிய த்ராட்டில் பாடியைப் பற்றி ஒரே வரி: பழையது நெரிக்கவில்லை என்றால் புதியதால் பவர் வராது, முதல் பாதி மிதியிலேயே எல்லாம் திறந்துவிடுவதால் வந்த மாதிரி தோன்றும்.

கண்ணால் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு

பிஎம்டபிள்யூவின் எம்50 வரிசையின் 2.5 லிட்டர் என்ஜின் 141 கிலோவாட்டை 5,900 ஆர்பிஎம்மில் தந்தது. பின்னால் வந்த எம்52 வரிசையின் 2.8 லிட்டர் என்ஜின் 142 கிலோவாட்டை 5,300-இல் தந்தது. கொள்ளளவு கூடியும் உச்ச பவர் கூடவில்லை. ஆனால் 3,950 ஆர்பிஎம்மிலேயே 280 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை) வந்துவிட்டது. அன்றாட ஓட்டத்துக்காகக் கீழ் இழுவையைக் கூட்டி வடிவமைத்தார்கள், அதில் குறுகலான ரன்னர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எம்52-இல் பழைய எம்50-இன் அகலமான மேனிஃபோல்டைப் பொருத்துவது இதனால்தான் இவ்வளவு பிரபலம். மேலே தெளிவாக மூச்சு விடும். கீழே கொஞ்சம் சோரும். போல்ட் துளைகள் பொருந்தும், ஆனால் ஐடில் வால்வு, காற்று வெப்ப சென்சார், வேக்யூம் குழாய்கள் ஆகியவற்றுக்கு அடாப்டர் வேண்டும். ஈசியூவும் (என்ஜினை நடத்தும் கணினி) மறுபடி டியூன் ஆக வேண்டும்.

இரண்டும் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் நீளம் மாறும் குழாய்களைச் செய்தார்கள். 1991-இல் லெமான் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி-யின் ரோட்டரி என்ஜினில் ரன்னர்கள் ஆர்பிஎம்முக்கு ஏற்ப நீண்டு சுருங்கின. 1996-இல் போர்ஷே 911-க்கு வந்த வேரியோராம் அமைப்பும் அதே யோசனைதான். உங்கள் காரில் தொழிற்சாலையே நீளம், குட்டை என இரட்டை ரன்னரும் இரண்டுக்கும் இடையே மாற்றும் பட்டர்ஃப்ளை வால்வும் கொடுத்திருந்தால், அதைக் கழற்றி ஒற்றைக் குட்டை ரன்னர் போடுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். பல நேரம் அந்த வால்வின் வேக்யூம் டயஃப்ரம் கிழிந்து, ஒரே நிலையில் மாட்டிக்கொண்டிருப்பதுதான் உண்மையான கோளாறு.

முதல் வேலை: ஊசி எங்கே நிற்கிறது என்று பார்ப்பது

ஓபிடி கருவியில் (காரின் சோதனை சாக்கெட்டில் செருகுவது) ஆர்பிஎம்மையும் பெடல் அளவையும் ஒரு வாரம் பதிவு செய்யுங்கள். பெடல் 80 சதவீதத்துக்கு மேல் போன நேரங்களை மட்டும் தனியாகப் பிரித்து, அப்போது ஆர்பிஎம் எங்கே இருந்தது என்று 500-க்கு ஒரு கட்டமாக எண்ணுங்கள். சாலையில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு 2,500 முதல் 4,500 வரை குவிந்து நிற்கும். குட்டை ரன்னர் அவர்களுக்கு நஷ்டம்.

டிராக்கில் ஓட்டுபவர்கள் கியர் கணக்கைப் பார்க்க வேண்டும். இரண்டாம் கியர் 2.04, மூன்றாம் கியர் 1.43, கியர் மாற்றுவது 7,000-இல் என்றால், மாற்றியதும் ஊசி 7,000 × 1.43 ÷ 2.04 = சுமார் 4,900-க்கு இறங்கும். அப்படியானால் 4,900-க்கும் 7,000-க்கும் நடுவில் பவர் கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்புதான் கணக்கு. 4,900-க்குக் கீழே என்ன இழந்தாலும் லேப் நேரத்தில் பெரும்பாலும் தெரியாது.

பவர் கிலோவாட்டில் வேண்டுமென்றால் டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுக்க வேண்டும். ஒரு கற்பனை என்ஜினை எடுத்துக்கொள்வோம். நீள மேனிஃபோல்டில் 5,000 ஆர்பிஎம்மில் 200 நியூட்டன் மீட்டர், 7,000-இல் 175. குட்டை மேனிஃபோல்டில் முறையே 188, 190. பவராக மாற்றினால் 5,000-இல் சுமார் 105-க்கு எதிராக 98 கிலோவாட். 7,000-இல் 128-க்கு எதிராக 139. கீழே 12 நியூட்டன் மீட்டர் போய் மேலே 15 வந்திருக்கிறது, கிட்டத்தட்ட சமம். ஆனால் பவராகப் பார்க்கும்போது போனது 6-க்குச் சற்று மேல், வந்தது 11. டார்க் உயர் ஆர்பிஎம்முக்கு நகர்ந்தால் அதற்கு மதிப்புக் கூடுகிறது. பந்தயக்காரர்கள் குட்டை ரன்னரை விரும்புவதற்கு முழுக் காரணமும் இந்தப் பெருக்கல்தான்.

வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவை

போர்ட்டின் வடிவம் முதலில். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வரிசையிலேயே எல்எஸ்1, எல்எஸ்6 ஆகியவற்றின் ஒடுங்கிய உயரமான போர்ட்டும் எல்எஸ்3-இன் செவ்வகப் போர்ட்டும் ஒன்றுக்கொன்று சேராது. ஒரே குடும்பம் என்ற பெயரை நம்பாதீர்கள். புதிய கேஸ்கெட்டை ஹெட்டின் மீதும் மேனிஃபோல்டின் மீதும் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். காற்று பாயும் திசையில் போர்ட் மேனிஃபோல்டைவிட அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் பாதகமில்லை. மேனிஃபோல்டு பெரிதாகி, ஹெட்டின் விளிம்பு காற்றின் முகத்தில் படிக்கட்டு மாதிரி நின்றால் அது கெடுதல்.

அடுத்தது பானட் உயரம். மேனிஃபோல்டின் மேலே நாலைந்து இடத்தில் களிமண் உருண்டைகளை வைத்து, பானட்டை மெதுவாக மூடித் திறந்து, நசுங்கிய கனத்தை அளந்துகொள்ளுங்கள். 15 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் யோசிக்க வேண்டும். கடும் இழுவையில் என்ஜின் மவுன்ட்டில் சாய்ந்து எழும்.

பிறகு வாசல்களின் பட்டியல்: பிரேக் பூஸ்டர் குழாய், பிசிவி (என்ஜின் அடிப்பகுதியின் ஆவியை உள்ளிழுப்பது), எரிபொருள் ஆவியை உறிஞ்சும் பர்ஜ் வால்வு, மேப் சென்சார் (மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது), காற்று வெப்ப சென்சார், ஐடில் வால்வு, இருந்தால் ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் வாயுவைத் திரும்ப உள்ளே விடுவது), த்ராட்டில் பாடிக்குள் ஓடும் கூலன்ட். பழையதில் எத்தனை இருக்கிறதோ அத்தனைக்கும் புதியதில் இடம் வேண்டும். மேப் சென்சாருக்கான துளை ப்ளீனத்தில் இருக்க வேண்டும்; ஒற்றை ரன்னரில் எடுத்தால் அழுத்தம் துடித்துக்கொண்டே இருக்கும், ஈசியூ குழம்பும். பிசிவி குழாயும் எல்லா ரன்னருக்கும் பொதுவான இடத்தில் சேர வேண்டும். இல்லையென்றால் ஒரே சிலிண்டர் எண்ணெய் குடிக்கும்.

புகை விதிகளுக்கு உட்பட்ட காரில் ஈஜிஆர், பர்ஜ் வால்வு போன்றவற்றைக் கழற்றுவது பல இடங்களில் சட்டப்படி குற்றம். சாலைக் கார் என்றால் அவற்றுக்கு இடமுள்ள மேனிஃபோல்டைத்தான் வாங்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் ஒரு நாள்

பழைய மேனிஃபோல்டுடன் டைனோவில் (பவரை அளக்கும் மேடை) மூன்று ஓட்டம் ஓட்டி வைத்துக்கொள்ளுங்கள். 1:1-க்கு நெருக்கமான கியர், அதே பெட்ரோல், அதே டயர் காற்றழுத்தம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை 5 டிகிரிக்குள். ஃப்யூயல் ட்ரிம் (ஈசியூ எரிபொருளில் செய்யும் திருத்தம்), காற்று-எரிபொருள் விகிதம், நாக் (கலவை தானாக எரிந்து தட்டுவது) அளவு எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். கம்ப்ரெஷன் சோதனையும் முடித்துவிடுங்கள். ஏற்கெனவே ஒரு சிலிண்டர் தளர்ந்திருந்தால் அந்தப் பழி நாளைக்குப் புதிய மேனிஃபோல்டின் தலையில் விழும்.

தேவையான பொருட்கள்: மேனிஃபோல்டு கேஸ்கெட், த்ராட்டில் பாடி கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங்குகள் மேலும் கீழுமாகச் சிலிண்டருக்கு இரண்டு, புதிய வேக்யூம் குழாயும் கிளாம்ப்புகளும், 3 லிட்டர் கூலன்ட், பிளாஸ்டிக் சுரண்டி, பஞ்சு பிரியாத துணி, மறைக்கும் டேப், 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் சிறிய டார்க் ரெஞ்ச். பெரிய டார்க் ரெஞ்ச் 10 நியூட்டன் மீட்டரில் சரியாகச் சொல்லாது. அலுமினிய மரையை அறுத்த பிறகுதான் "கிளிக்" என்று சத்தம் வரும்.

கழற்றுவது

1. என்ஜின் முழுக்கக் குளிரட்டும். சூடான அலுமினியத்தில் மரை எளிதில் பிய்ந்து வரும்.

2. எரிபொருள் பம்ப்பின் ரிலேயைப் பிடுங்கி, என்ஜினை ஓடவிட்டுத் தானே அணையவிடுங்கள். பிறகு சில விநாடி கிராங்க் செய்தால் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். அதன் பின் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் என்ஜினில் உயர் அழுத்தப் பக்கத்தில் 100 பாருக்கு மேல் நிற்கும். அதன் குழாயை சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன முறையில்லாமல் திறக்கவே கூடாது.

3. கூலன்ட்டை மேனிஃபோல்டின் மட்டத்துக்குக் கீழே வரும்வரை வடித்துவிடுங்கள்.

4. ஒவ்வொரு குழாயையும் பிடுங்குவதற்கு முன் படம் எடுத்து, இரு முனையிலும் ஒரே எண்ணை டேப்பில் எழுதி ஒட்டுங்கள். காய்ந்த ரப்பர் குழாயை இழுக்காதீர்கள். நீளவாக்கில் அறுத்து எடுங்கள், எப்படியும் மாற்றத்தான் போகிறோம்.

5. ஃப்யூயல் ரெயிலை (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) இன்ஜெக்டர்களோடு சேர்த்தே மேலே தூக்குங்கள்.

6. போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தளர்த்துங்கள். எல்லாம் எடுத்த பிறகும் மேனிஃபோல்டு வரவில்லை என்றால் நெம்பாதீர்கள். அடியில் ஒரு தாங்கி போல்ட் ஒளிந்திருக்கும், பெரும்பாலும் ஸ்டார்ட்டர் பக்கம்.

7. மேனிஃபோல்டு வெளியே வந்த அந்தக் கணமே போர்ட்டுகளைத் துணியால் அடையுங்கள். எத்தனை துணி என்று எண்ணி எழுதி வையுங்கள். வால்வு திறந்திருக்கும் சிலிண்டருக்குள் ஒரு எம்6 வாஷர் விழுந்தால் போதும், ஹெட்டைக் கழற்ற வேண்டிய வேலையாகிவிடும்.

ஹெட்டின் முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். மின் துளைப்பானில் மாட்டும் தேய்ப்பு வட்டுகள் வேகமாக வேலை செய்யும்தான். ஆனால் அவற்றிலிருந்து உதிரும் தூள் எண்ணெயோடு கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். அடுத்து நேர்விளிம்பு ஒன்றைப் புதிய மேனிஃபோல்டின் முகத்தில் குறுக்கும் நெடுக்கும் வைத்து, அடியில் 0.10 மி.மீ. ஃபீலர் (மெல்லிய அளவுத் தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் முகத்தை மட்டப்படுத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது நல்லது; வளைந்த முகத்தைப் போல்ட்டால் இழுத்து உட்காரவைத்தால் லீக் நிச்சயம். நேரடி இன்ஜெக்‌ஷன் என்ஜின் என்றால் வால்வின் பின்புறம் கரி படிந்திருக்கும். மேனிஃபோல்டு வெளியே இருக்கும்போதே அதையும் சுத்தம் செய்துவிட்டால் இரண்டாவது முறை கழற்ற வேண்டாம்.

பொருத்துவது

முதலில் கேஸ்கெட் இல்லாமல் ஒரு முறை வைத்துப் பாருங்கள். எல்லா போல்ட்டும் கையாலேயே சுழன்று இறங்க வேண்டும். புதிய மேனிஃபோல்டின் விளிம்பு கனமாகவோ மெல்லியதாகவோ இருக்கலாம், பழைய போல்ட்டின் நீளம் சரிப்படாமல் போகலாம். அலுமினியத்தில் விட்டத்தின் ஒன்றரை மடங்கு மரை பிடித்திருக்க வேண்டும்: எம்6-க்கு 9 மி.மீ., எம்8-க்கு 12 மி.மீ. அதேபோல் போல்ட் துளையின் அடியை முட்டவும் கூடாது. முட்டினால் டார்க் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும், ஆனால் கேஸ்கெட் இறுகியிருக்காது.

துணிகளை எண்ணி எடுங்கள். கேஸ்கெட்டை வையுங்கள், புத்தகம் சொல்லாதவரை சீலன்ட் வேண்டாம். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி இரண்டு சுற்றாக இறுக்குங்கள். எல்எஸ்1-இன் எம்6 போல்ட்டுகளுக்கு முதல் சுற்று 5, இரண்டாம் சுற்று 10 நியூட்டன் மீட்டர். உலோக மேனிஃபோல்டில் எம்8 பொதுவாக 20 முதல் 25 வரை வரும், உங்கள் என்ஜினின் எண்ணை சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். 

இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளுக்குச் சுத்தமான என்ஜின் ஆயில் ஒரு துளி தடவி, நேராக அழுத்துங்கள். ரெயில் போல்ட்டை இறுக்கிய பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் திருகிப் பாருங்கள். லேசாகச் சுழன்றால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஒன்று மட்டும் இறுகி நின்றால் அதன் ஓ-ரிங் மடங்கிவிட்டது; உடனே கழற்றுங்கள், இல்லையேல் சூடான என்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சும்.

முதல் ஸ்டார்ட்

சாவியை ஆன் நிலையில் 2 விநாடி வைத்து அணையுங்கள், மூன்று முறை. பம்ப் ரெயிலை நிரப்பும். ரெயிலின் இரு முனையையும் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் டார்ச் அடித்துப் பார்த்து, ஈரமில்லை என்று உறுதியான பிறகே கிராங்க் செய்யுங்கள். ஐடில் கொஞ்ச நேரம் ஏறி இறங்கும். எலெக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள கார்களில் அதற்கான கற்றல் முறையைச் செய்தாக வேண்டும். கூலன்ட்டில் காற்றை வெளியேற்றி, மட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

சூடேறியதும் ஃப்யூயல் ட்ரிம்மைப் பாருங்கள். ஐடிலில் குறுகிய கால ட்ரிம்மும் நீண்ட கால ட்ரிம்மும் சேர்ந்து +10 சதவீதத்துக்கு மேல், 2,500 ஆர்பிஎம்மில் அது பூஜ்யத்தை நோக்கி இறங்குகிறது என்றால் வேக்யூம் லீக். இது காற்றை எடைபோடும் மாஸ் சென்சார் உள்ள கார்களுக்குப் பொருந்தும். மேப் சென்சாரை மட்டும் நம்பும் கார்களில் லீக் இருந்தால் ட்ரிம் அவ்வளவு காட்டாது, ஐடில் ஆர்பிஎம்தான் ஏறி நிற்கும். புதியவர்கள் இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். ட்ரிம் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டு ஐடில் வால்வை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

லீக் தேடப் புகை இயந்திரம்தான் சிறந்தது, அழுத்தம் 0.07 பாரைத் தாண்ட வேண்டாம். ஓடும் என்ஜினில் பிரேக் கிளீனரைத் தெளித்துத் தேடும் பழக்கத்தைத் தொடங்கவே வேண்டாம். தீப்பிடிக்கும், குளோரின் கலந்த வகை எரிந்தால் நச்சு வாயு உண்டாகும்.

டியூனிங்

டியூன் செய்யாமல் முழு த்ராட்டில் கொடுக்காதீர்கள். நிரம்பும் காற்றின் அளவு ஆர்பிஎம்முக்கு ஆர்பிஎம் மாறிவிட்டது, மேப் சென்சார் வைத்துக் கணக்கிடும் ஈசியூவுக்கு அது தெரியாது. பழைய அட்டவணையில் 6,500-இல் 90 சதவீதம் நிரம்பும் என்று எழுதியிருக்கும். இப்போது 98 நிரம்பினால் அந்த 8 சதவீதத்துக்கான பெட்ரோல் வராது. முழுச் சுமையில் எரிபொருள் குறைந்த கலவை பிஸ்டனுக்கு எமன்.

மாஸ் சென்சார் உள்ள காரில் எரிபொருள் ஓரளவு தானே சரியாகிவிடும். ஆனால் இக்னிஷன் (தீப்பொறி வரும் நேரம்)? காற்று கூடுதலாக நிரம்பும் புதிய இடத்தில் நாக் வரும் வாய்ப்பு அதிகம். அங்கே முதலில் 2 முதல் 3 டிகிரி குறைத்துவிட்டு, நாக் இல்லை என்று கண்ட பிறகு ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். டார்க் கூடுவது நின்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். கீழே நிரப்பம் குறைந்த பகுதியில் நேர்மாறாக, கொஞ்சம் கூடுதல் அட்வான்ஸ் (தீப்பொறியை முன்கூட்டி விடுவது) கேட்கும். டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜினுக்கு முழுச் சுமையில் 12.6 முதல் 13.0 வரையிலான காற்று-எரிபொருள் விகிதம் நல்ல தொடக்கம்.

மாறும் வால்வு டைமிங் இருந்தால், இழந்த கீழ் இழுவையில் ஒரு பகுதியை மீட்க அதுதான் வழி. குறைந்த ஆர்பிஎம்மில் இன்டேக் கேமை முன்னுக்குத் தள்ளினால் வால்வு சீக்கிரம் மூடும், உள்ளே வந்த காற்று திரும்பி ஓடாது. ஹோண்டாவின் விடெக் போல இரண்டு கேம் வடிவங்கள் உள்ள என்ஜினில், மாறும் புள்ளியையும் மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். சிறிய கேமிலேயே மேலே வரை ஓர் ஓட்டம், பெரிய கேமிலேயே கீழிருந்து ஓர் ஓட்டம் ஓட்டி, இரண்டு டார்க் கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள். வெட்டிக்கொள்ளும் இடம்தான் மாறும் இடம். அங்கே மாற்றினால் கோட்டில் பள்ளமே தெரியாது. "உதைக்கிற மாதிரி" மாற வேண்டும் என்று விரும்புபவர்கள் அதற்கு மேலே வைக்கிறார்கள். அந்த உதை, முந்தின 500 ஆர்பிஎம்மில் இழந்த டார்க் திரும்பி வருவதைத் தவிர வேறில்லை. இரட்டை ரன்னர் பட்டர்ஃப்ளைக்கும் இதே முறைதான்.

புதிய உச்சம் ரெவ் லிமிட்டருக்கு (ஈசியூ வைத்த ஆர்பிஎம் வரம்பு) அப்பால் போய்விட்டதென்றால், லிமிட்டரை உயர்த்தக் கை துறுதுறுக்கும். வால்வு ஸ்பிரிங் எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் தொடாதீர்கள். ஸ்பிரிங் தோற்றால் வால்வு மிதந்து பிஸ்டனைத் தொடும்.

கோளாறும் காரணமும்

பிரேக் பெடல் கல்லாகிவிட்டால் பூஸ்டர் குழாய் அல்லது அதன் ஒருவழி வால்வு. ஒன்றாம் கியரில் பெடலைத் தொட்டதும் கார் துள்ளினால் பெரிய த்ராட்டில் பாடி. பெடல் அட்டவணையைச் சாந்தப்படுத்த வேண்டும். 3,000 பக்கம் ஒரு பள்ளம், அதற்கு மேலே சரியாகிவிடுகிறது என்றால் பெரும்பாலும் கோளாறே இல்லை: அலையின் குறைவு வால்வு வாசலில் நிற்கும் ஆர்பிஎம் அது. டியூனால் ஓரளவு மழுப்பலாம், அழிக்க முடியாது. நின்று நின்று போகும் ஓட்டத்தில் சக்தி குறைந்து, நிற்காமல் ஓடும்போது சக்தி திரும்பி வந்தால், உலோக மேனிஃபோல்டு சூட்டை உறிஞ்சுகிறது. ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் வெப்பம் கடத்தாத கேஸ்கெட் வைப்பது உதவும். அதன் கனம் ரன்னரின் நீளத்தில் சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டர்போ என்ஜினில்

அழுத்திய காற்று என்பதால் அலைக் கணக்கு பொய்யாகிவிடாது; ஆனால் பூஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றினாலே அந்த வித்தியாசம் மறைந்துவிடும். நீள ரன்னர் இங்கே டர்போ விழிப்பதற்கு முன் உள்ள ஆர்பிஎம்மில் கைகொடுக்கும். கவனிக்க வேண்டியது பங்கீடு. ஒரு முனையில் த்ராட்டில் பாடி வைத்த நீளமான ப்ளீனத்தில் வேகமாக வரும் காற்று கடைசிச் சுவரில் மோதி, அந்தக் கோடி சிலிண்டரை அதிகமாக நிரப்பக்கூடும். எல்லா சிலிண்டருக்கும் ஒரே அளவு பெட்ரோல் போகும்போது அந்த ஒன்றில் மட்டும் காற்று மிகுந்து, எரிபொருள் குறைந்த கலவை எரியும். பொதுக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சராசரியைத்தான் காட்டும், அதனால் அது இதைப் பிடிக்காது. ஒவ்வொரு எக்ஸாஸ்ட் ரன்னரிலும் வெப்ப சென்சார் வைத்துப் பார்க்கலாம். வசதியில்லையென்றால் முழுச் சுமை ஓட்டம் முடிந்ததும் என்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். கடைசிப் பிளக்கின் பீங்கான் மட்டும் வெளுத்து, அதில் அலுமினியப் பொட்டு மின்னினால், பூஸ்ட்டைக் குறைத்துவிட்டு ப்ளீனத்தைத்தான் மாற்ற வேண்டும்.

பழைய மேனிஃபோல்டை அதன் போல்ட்டுகள், சென்சார்கள், எண் ஒட்டிய குழாய்களோடு ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். முதல் 1,000 கிலோமீட்டர் ஓடி, ஃப்யூயல் ட்ரிம் அடங்கி, இரண்டாவது டைனோ ஓட்டத்தின் கோடு கையில் வரும்வரை அதை விற்காதீர்கள்.